சத்தமில்லாத மீன்தொட்டி

வீட்டில் ஒரு சாமான் சத்தம் போட்டுக்கொண்டிருக்கும்வரை அதனால் பெரிய ஆபத்தில்லை. அதைச் சரிசெய்கிறேன் என்று கிளம்பும் ஆம்பிளையால்தான் ஆபத்து.

அப்போது கொடைக்கானலில் சாக்லேட் கடை வைத்திருந்தேன். கல்யாண வயது. ஹாலில் நாலடி நீளத்துக்கு ஒரு மீன்தொட்டி, உள்ளே தங்கமீன்கள். (எங்கள் ஊர்க் குளிருக்கு அதுதான் தாக்குப்பிடிக்கும்.) தொட்டியில் வழியும் தண்ணீர் ஒரு குழாய் வழியாக அடி அலமாரிக்குள் இருக்கும் இன்னொரு தொட்டிக்கு இறங்கும். அங்கே வடிகட்டியதும் ஒரு சின்ன மோட்டார் அதை மறுபடி மேலே ஏற்றும். இறங்கும்போது களக் களக், ஏறும்போது சளசள. முதலில் என்னைப் பார்க்க வந்த பெண் வீட்டார் காபியைப் பாதியில் வைத்துவிட்டு, "ஹாலுக்குப் பக்கத்துலயே கக்கூஸா?" என்று கேட்டார்கள். அந்தச் சம்பந்தம் அதோடு போயிற்று.

அடுத்து வரவிருந்தவர்கள் பள்ளங்கியில் பூண்டு விவசாயம் செய்யும் குடும்பம். பெண்ணை நான் ஏற்கெனவே பார்த்திருந்தேன். அவள் சிரித்ததைப் பார்த்த பிறகு வேறு யாரும் வேண்டாம் என்று ஆகிவிட்டது. இந்த முறை கக்கூஸ் சத்தம் கேட்கவே கூடாது என்று களத்தில் இறங்கினேன்.

அம்மாவின் ஹவாய் செருப்பை வெட்டி மோட்டாருக்கு அடியில் வைத்தேன். (புதுச் செருப்பு.) உயரத்திலிருந்து விழுந்தால்தானே சத்தம் என்று கீழ்த்தொட்டியை விளிம்பு வரை நிரப்பினேன். மேலே ஏறும் குழாயையும் நீட்டி, மீன்தொட்டியின் அடி வரை இறக்கினேன். ஸ்விட்சைப் போட்டால் மூச்சுவிடும் சத்தம்கூட இல்லை. விஞ்ஞானி ஆகியிருக்க வேண்டியவன் சாக்லேட் விற்கிறேனே என்று என் மேலேயே இரக்கம் வந்தது.

பெண்ணின் அப்பா, அம்மா, சித்தப்பா என்று மூன்று பேர் வந்தார்கள். தொட்டிக்கு முன்னால் இருந்த சோபாவிலேயே உட்காரவைத்தேன். கம்பளிச் சாக்ஸ் போட்ட கால்கள் எங்கள் சிவப்பு ஜமுக்காளத்தின் மேல் இருந்தன.

"இம்புட்டுத் தண்ணி ஏறி எறங்குதுங்கிறீங்க, சத்தத்தையே காணோமே தம்பி?" என்றார் பெண்ணின் அப்பா.

"எல்லாம் நம்ம கைவேலைங்க."

அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போனது. ஜன்னல் வரை மூடுபனி, ஹால் இருட்டிவிட்டது. மோட்டார் நின்றதும், ஏறிய குழாய் வழியாகவே மீன்தொட்டித் தண்ணீர் திரும்பக் கீழே இறங்கத் தொடங்கியது. குழாயின் வாய்தான் அடியில் இருக்கிறதே! தளும்ப நின்ற கீழ்த்தொட்டியில் ஏது இடம்? எல்லாம் தரைக்கு வந்தது. என் வேலை அவ்வளவு சுத்தம், துளிச் சத்தம் இல்லை.

பெண்ணின் அப்பா மெதுவாக ஒரு காலைத் தூக்கிச் சோபாவில் வைத்தார். பிறகு மற்றதையும் தூக்கிச் சம்மணம் போட்டுவிட்டார். மற்ற இருவரும் அப்படியே. சம்பந்தம் பேச வந்த இடத்தில் உங்கள் தரை ஈரம் என்று எப்படிச் சொல்வது என்று வாயை மூடிக்கொண்டிருந்திருக்கிறார்கள். வீட்டுச் செருப்போடு நின்ற நானோ ஈரம் தெரியாமல், 'சொந்த வீடு மாதிரி உட்காருகிறார்களே, இனிக் கல்யாணம்தான்' என்று பூரித்துப்போனேன்.

கேசரியோடு வந்த அம்மா கால் வைத்ததும் சளக்கென்றது. "ஏலே, வீடு பூராம் தண்ணி கெடக்கு!"

தொட்டியில் இரண்டு விரல் தண்ணீர்தான் மிச்சம். மீன்கள் படுத்துக்கொண்டு துள்ளின. அம்மா கேசரியை என் கையில் திணித்துவிட்டு ஓடிப்போய், குக்கரில் தண்ணீர் எடுத்து வந்து மீன்களை அள்ளிப் போட்டாள். அதைப் பார்த்துப் பெண்ணின் அப்பா பதறினார்.

"எங்களுக்காக எதுக்குங்க இதெல்லாம்? கேசரியே போதும்!"

போச்சு, இவளும் போச்சு என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஆனால் பெண்ணின் அம்மா சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு இறங்கினார். "சாயம் போகுது, வெரசா அந்தப் பக்கம் புடிங்க மதினி" என்றார். இருவரும் ஜமுக்காளத்தை வாசலுக்குத் தூக்கிப்போய், ஆளுக்கொரு முனையைப் பிடித்து முறுக்கினார்கள். முறுக்க முறுக்கப் பேச்சு வளர்ந்தது. பிழிந்து முடிப்பதற்குள் கல்யாணத்தைத் தை மாதம் என்று முடிவு செய்துவிட்டார்கள். கேசரித் தட்டோடு நின்ற என்னை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

இன்றும் என் மாமனார் புதுச் சொந்தக்காரர்களிடம் என்னை இப்படித்தான் அறிமுகம் செய்கிறார்:

"நம்ம மாப்பிள்ளை தங்கமான ஆளு, சத்தமே இருக்காது. ஆனா அவரு ரொம்ப நேரம் பேசாம இருந்தா மட்டும், காலைத் தூக்கி மேல வச்சுக்கங்க."