பன்றிக்குச் சொல்லாமல் சுடலாமா?

ஜவ்வாது மலை அடிவாரத்தில் ‘ஒத்தத் தோட்டா’ என்று ஊரே கூப்பிடும் அண்ணனைப் போல உறுதியான மனிதரை நான் பார்த்ததில்லை. காலையில் ஒரு முடிவு எடுத்தால் எடுத்ததுதான். சாயங்காலம் வேறு முடிவு எடுக்கும்வரை அசைய மாட்டார்.

ஆலங்காயத்தில் எங்கள் எதிர்வீடு. மலையை ஒட்டி வேர்க்கடலை நிலம், அதற்குக் காவலாக அப்பா காலத்து ஒற்றைக் குழல் துப்பாக்கி, முறையான லைசென்ஸோடு. சட்டைப் பையில் சீப்புக்குப் பக்கத்தில் எப்போதும் ஒரே ஒரு தோட்டா. கல்யாணமோ காரியமோ, அது இல்லாமல் வெளியே கிளம்ப மாட்டார். ஒருமுறை பாங்கியில் காசாளர் பேனா கேட்க, இவர் பையைத் துழாவித் தோட்டாவை நீட்டிவிட்டார். காசாளர் மேசைக்கு அடியிலிருந்து வெளியே வர வெகுநேரம் ஆயிற்று.

"ரெண்டு கொழா வெச்சிருக்கிறவன் மொதல்ல தப்பா சுடுவேன்னு முடிவு பண்ணிட்டவன் நயினா. நமக்கு ஒன்னு போதும்" என்பார்.

அந்த ஒன்றையும் அவர் சுட்டு நான் பார்த்ததில்லை. ஒருநாள் பொழுது சாயும் நேரம் அவரோடு நிலத்துக்குப் போனேன். கடலைச் செடிக்குள் பன்றிகள் புகுந்திருந்தன. இவர் துப்பாக்கியின் பின்பக்கம் சுத்தியல்போல் இருந்த குதிரையைக் கட்டைவிரலால் இழுத்தார். டக்! அவ்வளவுதான். பன்றிக் கூட்டம் குடும்பத்தோடு காட்டைப் பார்த்து ஓடியது.

"ஆரம்பத்துல ஒவ்வொரு வாட்டியும் டக்குன்னதும் ஆகாசத்தைப் பார்த்துச் சுட்டேன். இப்ப டக்குன்னாலே அதுங்களுக்குத் தெரிஞ்சிடுது. மருந்து மிச்சம்!" என்று சொல்லிக்கொண்டே குதிரையை மெதுவாகப் பழைய இடத்துக்கு இறக்கினார். சட்டைப் பைத் தோட்டா இப்போது குழலுக்குள் இருக்க, விரல் நழுவினால் வெடிக்குமே என்று நான் நாலடி தள்ளி நின்றேன்.

என் பயம் வீண்போகவில்லை. அடுத்த வாரமே அப்படி இறக்கும்போது குதிரை கைதவறி, மோட்டார் கொட்டகையின் தகரக் கூரை சல்லடையானது. உள்ளே அவர் மனைவி, எங்கள் அண்ணி, இருந்தார். ஒரு கீறலும் இல்லை. ஆனால் வெளியே வந்தவர் அழவும் இல்லை, திட்டவும் இல்லை. நேராக வீட்டுக்குப் போய்த் துணிமணிகளைப் பையில் அடுக்கினார்.

"இன்னாங்க, கேட்டுக்கோங்க. இந்தத் துப்பாக்கி வூட்ல இருந்தா நான் இருக்க மாட்டேன். எங்க அண்ணன் வூட்டுக்குப் போறேன். போய்ட்டு வர்றேன்னு சொல்லல, கவனிச்சீங்களா?"

வேலூரில் துப்பாக்கிக் கடைக்காரர் பார்த்துவிட்டு, குதிரையைப் பிடித்து நிறுத்தும் பல் தேய்ந்துவிட்டது, மாற்றுச் சாமான் கிடைக்காது என்று கையை விரித்தார். லைசென்ஸோ ஒரு துப்பாக்கிக்குத்தான். புதியது வேண்டுமானால் பழையதை ஒப்படைத்தாக வேண்டும்.

டீக்கடை ரெண்டுபட்டது. "பழசு மாதிரி கட்டை இப்ப வருமா? மழையில நனைஞ்சாலும் அசையாது" என்று ஒத்தத் தோட்டா காலையில் முழங்குவார். "புதுசு எடை கம்மி, சேஃப்டி வேற இருக்குது. புத்தி இருக்கிறவன் அதைத்தான் வாங்குவான்" என்று சாயங்காலம் அதே பெஞ்சில் அதே உறுதியோடு அடித்துச் சொல்வார். அண்ணி இன்னும் கிளம்பவில்லை; பை மட்டும் வாசலிலேயே இருந்தது.

கடைசியில் மூவருமாக வேலூருக்குப் பஸ் ஏறினோம். பையும் கூடவே வந்தது.

கடைக்காரர் புதுத் துப்பாக்கியை எடுத்துக் காட்டினார். "குதிரை உள்ளுக்குள்ளேயே இருக்குதுங்க. மடக்கி மூடினா தானா ஏறிக்கும். துளி சத்தம் வராது."

ஒத்தத் தோட்டா மூடிப் பார்த்தார். காதருகே வைத்து இன்னொரு முறை மூடினார். முகம் வாடிவிட்டது.

"அப்ப பன்னிக்கு எப்படிங்க தெரியும்?"

"எதுங்க?"

"நான் சுடப் போறேன்னு."

கடைக்காரர் என்னைப் பார்த்தார். நான் சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்தேன். "தெரியக் கூடாதுங்க. அதுக்குத்தானே இது" என்றார் பரிதாபமாக.

"அது இன்னாங்க நியாயம்? சொல்லாம கொள்ளாம சுடறதா? அதுங்களும் குட்டி குட்டியா வெச்சிருக்குதுங்க."

அண்ணி பையை இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்கு மாற்றினார். ஒத்தத் தோட்டா அதைப் பார்த்தார். பழைய துப்பாக்கியின் கட்டையை ஒருமுறை தடவிவிட்டு, கடைக்காரரிடம் நீட்டினார். என் கண் கலங்கிவிட்டது. அவரோ, "புதுசுதான் வாங்கணும்னு நான் மொதல்லயே சொன்னேனே" என்றார்.

இருந்தாலும் கவலை என்னை விடவில்லை. அந்த வருஷக் கடலை என்ன ஆகுமோ என்று அறுவடைக்கு முன் நிலத்துக்குப் போய் நின்றேன். பன்றிகள் வந்தன. ஒத்தத் தோட்டா புதுத் துப்பாக்கியைத் தோளில் சாய்த்துக்கொண்டு கத்தினார்: "நவுருங்க! சுடப் போறேன்!"

பன்றிகள் தலையைக்கூடத் தூக்கவில்லை. இவர் சற்று யோசித்தார். நாக்கை மேலண்ணத்தில் ஒட்டி, முழு பலத்தோடு இழுத்துவிட்டார். டக்!

ஒரு பன்றி மிச்சமில்லை. வரப்பில் உட்கார்ந்திருந்த அண்ணி புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

இப்போது நான் சென்னைவாசி. போன வாரம் போனில் பேசியபோது, "புதுத் துப்பாக்கி எப்படிண்ணா?" என்று கேட்டேன்.

"ஃபஸ்ட் கிளாஸ் நயினா! பழசெல்லாம் இதுகிட்ட நிக்காது. இதுவரைக்கும் ஒரு வாட்டிகூட சுடல."

போனை வைத்த பிறகும் சிரித்துக்கொண்டிருந்தேன். உலகத்தில் உள்ள துப்பாக்கிகளை எல்லாம் யாரிடமாவது கொடுத்துவைக்கச் சொன்னால், யோசிக்காமல் அவர் வீட்டு விலாசத்தைத்தான் சொல்வேன்.