நூற்றுப் பன்னிரண்டாம் பக்கம் பற்றிக் கடைசி வண்டி ஓட்டுநரின் புகார்

மதிப்பிற்குரிய பதிப்பாசிரியர் அவர்களுக்கு,

தங்களை நேரில் பார்த்திராத ஒரு வேன் ஓட்டுநர் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. தாங்களும் தங்கள் குடும்பத்தாரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். தங்கள் முழங்கால்களும் நலமாகவே இருக்கும். உட்கார்ந்து புத்தகம் போடுகிறவர்களுக்கு முழங்கால் கெடுவதில்லை.

நெடுந்தூர ஓட்டக்காரர்களுக்கு உற்சாகம் ஊட்டுவதற்காகத் தங்கள் பதிப்பகம் ஏழு புத்தகங்கள் வெளியிட்டிருக்கிறது. அதில் மஞ்சள் அட்டை போட்ட மூன்றாவது புத்தகம், நூற்றுப் பன்னிரண்டாம் பக்கம். "உனக்குப் பின்னால் ஒரு வண்டி வரும். அதில் ஏறுவது உயிரோடு சவப்பெட்டியில் ஏறுவதற்குச் சமம்" என்று அச்சடித்திருக்கிறீர்கள். ஐயா, அந்த வண்டியை ஓட்டுகிறவன் நான். வார நாட்களில் பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றிப் போகிற வேன் அது. பந்தயம் நடக்கிற ஞாயிற்றுக்கிழமைகளில் கடைசி ஆளுக்குப் பின்னால் ஊர்ந்துபோய், முடியாதவர்களை ஏற்றிக்கொண்டு வருவது என் வேலை. பதினான்கு வருடமாகச் செய்கிறேன். மெத்தை வைத்த இருக்கை, தண்ணீர், உப்பு பிஸ்கட், இரண்டு போர்வை எல்லாம் உள்ளே உண்டு. சவப்பெட்டியில் ஜன்னல் கண்ணாடியை இறக்கிவிட முடியுமா என்று தாங்களே சொல்லுங்கள்.

உங்கள் புத்தகம் வருவதற்கு முன்னால் ஒரு பந்தயத்துக்கு இருபது பேராவது ஏறுவார்கள். உட்கார்ந்ததும் ஷூவைக் கழற்றி, கறுத்துப்போன கால் நகத்தைப் பக்கத்தில் இருப்பவருக்குக் காட்டுவார்கள், ஐந்தே நிமிடத்தில் ஒரே வீட்டு ஆட்கள் மாதிரி ஆகிவிடுவார்கள். புத்தகம் வந்த பிறகு ஒருத்தர்கூட ஏறுவதில்லை. வரி அலுவலகத்தில் பெரிய பதவியில் இருக்கிற ஒருவர் என் வண்டியைக் கண்டதும் நின்றுகொண்டிருந்த லாரிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டார், ஒரு பல் மருத்துவர் ஒற்றை ஷூவோடு மூன்று மணி நேரம் நொண்டினார், அவர் பின்னால் நடை வேகத்தில் உருட்டி உருட்டி என் கிளட்ச் கருகிப்போனது, சாலையைத் திறந்துவிடக் காத்திருந்த போலீஸ்காரர் "என்னய்யா, ஊர்வலமா போற?" என்று என்னைத்தான் பிடித்துக்கொண்டார், அதற்கடுத்த மாதம் தபால் இலாகாவில் இருந்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவர் மயங்கி விழுந்தார், தூக்கி உள்ளே படுக்க வைத்தோம், விழித்ததும் எங்கே கிடக்கிறோம் என்று பார்த்தார், கதவைத் திறந்து குதித்தார், கணுக்கால் இரண்டாக உடைந்தது. ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்த்தேன். கட்டுப் போட்ட காலைத் தலையணை மேல் வைத்துக்கொண்டு, நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தை எனக்கே வாசித்துக் காட்டினார்.

இதையெல்லாம் நான் பொறுத்துக்கொண்டேன். என் மனைவி விஷயத்தில்தான் பொறுக்க முடியவில்லை.

அவள் பள்ளிச் சீருடை தைக்கிறவள். மூன்று வருடத்துக்கு முன்னால் வயிற்றில் கட்டி வந்து, அறுத்து எடுத்தார்கள். மருந்து ஏறிக்கொண்டிருந்த நாட்களில் அவளுடைய தங்கை இந்த மஞ்சள் புத்தகத்தை வாங்கிக் கொடுத்தாள். ஊசி குத்தாத கையால் பக்கம் புரட்டிப் புரட்டி மனப்பாடம் பண்ணிவிட்டாள். முதலில் ஆஸ்பத்திரி நடைகூடத்தில் நடந்தாள், பிறகு எங்கள் தெரு, பிறகு பூங்கா, பிறகு என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் இருபத்தொரு கிலோமீட்டர் பந்தயத்துக்குப் பெயர் கொடுத்துவிட்டாள். கடைசி ஆள் அவள்தான். ஆகவே அவளுக்குப் பின்னால் நான்.

"ஏறிக்கோம்மா, போதும்" என்றேன் ஜன்னல் வழியாக.

"வண்டியக் கொஞ்சம் பின்னாடி எடுங்க. இஞ்சின் சூடு முதுகுல அடிக்குது."

"டாக்டர் சொன்னது மறந்துபோச்சா?"

"அவரு நடக்கச் சொன்னாரு. நடந்துக்கிட்டுதானே இருக்கேன்."

அவள் போய்ச் சேர்ந்தபோது எல்லைக்கோட்டு வளைவைப் பிரித்துச் சுருட்டிவிட்டார்கள். சாலையைக் கூட்டிக்கொண்டிருந்த அம்மா துடைப்பத்தைக் கீழே போட்டுவிட்டுக் கைதட்டினார். நான் ஸ்டியரிங் மேல் தலையைக் கவிழ்த்து அழுதேன். ஹாரன் அமுங்கி, நான் நிமிர்கிறவரை அடித்துக்கொண்டே இருந்தது.

அது போன வருடம். இந்த வருடம் நோய் திரும்பி வந்து கல்லீரலில் உட்கார்ந்துகொண்டது. மூன்று விதமான மருந்து பார்த்தாயிற்று, உடம்பு பாதியாகிவிட்டது. நான்காவது ஒன்று இருக்கிறது, கொஞ்ச நாள் கிடைத்தாலும் கிடைக்கும், கிடைக்காமலும் போகும், வருகிற வியாழக்கிழமை பதில் சொல்லுங்கள் என்கிறார் மருத்துவர். "போதுங்க. வண்டிய எடுத்துட்டு வாங்க, நான் ஏறிக்கிறேன்" என்றாள் என் மனைவி. சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். "பாதியில விட்டுட்டாளேன்னு நெனப்பீங்களா?" என்று சுவரைப் பார்த்துக் கேட்டாள். மஞ்சள் புத்தகத்தை அட்டை தெரியாமல் கவிழ்த்து, தலையணைக்கு அடியில் ஒளித்து வைத்திருக்கிறாள். அவளுக்குச் சாவதற்குப் பயம் இல்லை, ஐயா. வெட்கப்படுகிறாள். அந்த வெட்கத்தை அவளுக்குக் கொடுத்தது நீங்கள்.

ஆகவே அந்தப் புத்தகத்தில் ஒரு பக்கம் சேர்க்க வேண்டும். வாசகத்தை நானே எழுதிவிட்டேன்: "ஏறலாம். ஓடின தூரம் ஓடினதுதான், அதை யாரும் பிடுங்கிக்கொள்ள முடியாது. உள்ளே போர்வை இருக்கிறது." மறுபதிப்பு வரைக்கும் அவளால் காத்திருக்க முடியாது. ஒரே ஒரு பிரதியில் மட்டும், அதே தாளில், அதே எழுத்தில் போட்டு, புதன்கிழமைக்குள் எனக்குக் கிடைக்கிற மாதிரி அனுப்புங்கள். நான் சொன்னால் கேட்க மாட்டாள். அச்சில் வந்தால் நம்புவாள்.

தங்கள் அலுவலகத்தில் எல்லோரும் நோய்நொடி, கால்வலி எதுவும் இல்லாமல் நெடுநாள் வாழவேண்டும். புத்தகத்தை எழுதியவரிடமும் என் வணக்கத்தைச் சொல்லுங்கள். அவர் என்றைக்காவது ஓடி முடியாமல் போனால், முன் இருக்கை அவருக்குத்தான்.

இப்படிக்கு,
கடைசி வண்டியின் ஓட்டுநர்

பி.கு.: உறையை ஒட்டுவதற்கு முன்னால் என் மனைவி இதைக் கேட்டு வாங்கிப் படித்தாள். "நல்லா எழுதியிருக்கீங்க. அச்செல்லாம் வேணாம், எனக்கு இதுவே போதும். வியாழக்கிழமை டாக்டர்கிட்ட நீங்களே சொல்லிடுங்க" என்றாள். சரி என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். யார் யாருக்கோ பதினான்கு வருடமாகக் கதவைத் திறந்துவிட்டவனுக்கு, அவளுக்குத் திறக்கக் கை வரவில்லை. தலையணைக்கு அடியிலிருந்து மஞ்சள் புத்தகத்தை உருவி, நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தை எடுத்துச் சத்தமாகப் படிக்க ஆரம்பித்துவிட்டேன். "வண்டியக் கொஞ்சம் பின்னாடி எடுங்க" என்றாள் கண்ணை மூடிக்கொண்டு. நான் நிறுத்தவில்லை. அவள் தங்கையை அனுப்பி மற்ற ஆறு புத்தகங்களையும் வாங்கி வரச் சொல்லியிருக்கிறேன். ஆகவே நான் கேட்ட பக்கம் வேண்டாம். எட்டாவது புத்தகம் வந்திருந்தால், அதைப் புதன்கிழமைக்குள் அனுப்பி வையுங்கள்.