மீன்தொட்டிக்கு ஒரு சம்ப்

"தம்பி! உங்க வீட்டு மீனு மறுபடியும் என் தலையில ஒண்ணுக்குப் போகுது!"

கீழ்வீட்டு டோன்யா எர்மீனியா மாடிப்படியில் நின்று போட்ட கூச்சல் தெருக்கோடி பேக்கரிவரை கேட்டிருக்கும். எஃப்ராயின் அப்போதுதான் தன் மருந்துக்கடையிலிருந்து வந்திருந்தான். ஷூவைக்கூடக் கழற்றவில்லை. கழற்றாததும் நல்லதாய்ப் போயிற்று, ஹால் தரையெல்லாம் ஈரம்.

"இன்னிக்கும் கரண்ட் போச்சாக்கா?"

"நம்ம மயகுவேஸ் ஊர்ல என்னிக்கு தம்பி போகலை? கரண்ட் போனா எல்லார் வீட்லயும் ஃப்ரிட்ஜ் ஒழுகும். உங்க வீட்ல கடல் ஒழுகுது!"

டோன்யா எர்மீனியா கல்யாணப்பெண்களுக்கு கவுன் தைப்பவர். அவருடைய தையல் மேசைக்கு நேர் மேலே எஃப்ராயினின் மீன்தொட்டி இருந்தது. வேண்டுமென்று வைத்ததல்ல. ஹாலில் அந்தச் சுவர்தான் வெயில் படாத சுவர்.

காரணம் என்னவென்று எஃப்ராயின் எப்போதோ கண்டுபிடித்துவிட்டான். தொட்டியின் முதுகில் ஒரு ஃபில்டர் பெட்டி தொங்கியது. கரண்ட் நின்றால் அதிலுள்ள தண்ணீர் தொட்டிக்குள் திரும்பி வரும், தொட்டி வழியும். பெட்டியில் இருப்பதோ ஒரு சொம்புத் தண்ணீர், தரையில் கிடப்பதோ ஒரு வாளி. கணக்கு இடிக்கிறதே என்று அவனுக்குத் தோன்றவில்லை. தொட்டியில் உப்பு வேறு காரணமில்லாமல் குறைந்துகொண்டே வந்தது. அதற்கும் அவனிடம் பதில் இருந்தது. அளக்கும் கருவி கெட்டுவிட்டதென்று புதிது வாங்கினான்.

மனைவி மிக்தாலியா தரையைத் துடைத்து முடித்துவிட்டு, மாப்பைக் கையில் பிடித்தபடியே பேசினாள். பள்ளிக்கூட டீச்சர். வீட்டிலும் கத்த மாட்டாள், அதுதான் பயம்.

"எஃப்ராயின், இதான் கடைசி. இன்னும் ஒரு சொட்டு எர்மீனியாக்கா கவுன்ல விழட்டும். தொட்டி என் தம்பி வீட்டுக்குப் போயிடும்."

"அவனுக்குப் பவளத்தைப் பத்தி என்ன தெரியும்?"

"அவன் வீடு தரைத்தளம். அது போதும்."

எஃப்ராயின் ஓடிப்போய்த் தொட்டியை மறைத்துக்கொண்டு நின்றான். நாள் முழுக்க ஊரார் மூலத்தையும் மலச்சிக்கலையும் கேட்டுக்கொண்டிருப்பவன் அவன். சாயங்காலம் அந்தக் கண்ணாடிக்கு முன்னால் உட்கார்ந்தால்தான் மனுஷன் ஆவான். நகத்தளவு வாங்கி வந்த பச்சைப் பவளம் ஒன்று உள்ளங்கை அகலம் வளர்ந்திருந்தது. அதற்குள் ஒரு ஜோடி கோமாளி மீன் குடித்தனம் நடத்தியது. அந்தத் தொட்டி அவனுக்கு உயிர். கேட்டால் பொழுதுபோக்கு என்பான்.

மிக்தாலியா சொன்ன அந்தத் தம்பி, மச்சான் வில்ஃப்ரெடோ, பிளம்பர். வந்து தொட்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தான். பொண்ணு பார்க்க வந்தவன் பார்வை அது.

"பேசாம எனக்கே குடுத்துடு மச்சான்."

"உதவ வந்தியா, வசூல் பண்ண வந்தியா?"

"சரி சரி, கோவிச்சுக்காதே. உனக்கு வேண்டியது ஒரு சம்ப். தொட்டி மேல்விளிம்புல ஒரு ஓட்டை போடுவோம், பைப் விடுவோம். கீழ அலமாரிக்குள்ள இன்னொரு கண்ணாடித் தொட்டி. மேல கூடுற தண்ணி ஓட்டை வழியா கீழ இறங்கும், பம்ப் அதை மறுபடி மேல ஏத்தும்."

"கரண்ட் போனா?"

"பம்ப் நிக்கும். மேல ஓட்டைக்கு மேலே நிக்கிற தண்ணி கீழ வரும். அதுக்குத்தான் சம்ப்பைப் பாதி காலியாவே வைக்கிறது. எங்கேர்ந்து வழியும்?"

சனிக்கிழமை காலையில் வேலை ஆரம்பித்தது. ஓட்டை போடத் தொட்டியைக் காலி செய்ய வேண்டும், அதற்கு வாளி வேண்டும். வீட்டில் ஒரு வாளிகூடக் காலியாக இல்லை. எல்லாவற்றிலும் தண்ணீர்.

மாமனார் டோன் செராஃபின் ரேடியோவைக் காதோடு ஒட்டிக்கொண்டு பால்கனியில் உட்கார்ந்திருந்தார். பெண் வீட்டோடு இருக்கும் மனுஷர். பகலில் வீட்டுக்கு அவர்தான் காவல்.

"மாமா, வாளியெல்லாம்..."

"ரேடியோல சொல்லிட்டான் மாப்பிள்ளை, இன்னிக்குக் கரண்ட் போகுமாம். கரண்ட் போனா தண்ணியும் போகும். புயல் வருஷத்துல மாசக்கணக்கா நாக்கு வறண்டு கிடந்தோமே, மறந்துட்டீங்களா?"

வாளி மட்டுமா! குளியல்தொட்டி, சோற்றுப் பானை, காபி கெட்டில், பூ ஜாடி, மிக்தாலியாவின் கேக் அச்சு, எல்லாம் தளும்பி நின்றன. காலையில் காபி கேட்ட எஃப்ராயினுக்கு மிக்தாலியாவிடமிருந்து, "கெட்டில் நிறைஞ்சிருக்கு, கடையில குடிச்சுக்கோ" என்றுதான் பதில் வந்திருந்தது.

"அப்பாவை விட்டா ஸ்பூனைக்கூட நிரப்பி வைப்பாரு" என்றான் வில்ஃப்ரெடோ.

வேறு வழியில்லாமல் வாளிகளையும் குளியல்தொட்டியையும் சாக்கடையில் காலி செய்தார்கள். டோன் செராஃபின் பிணம் போவதைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டு நின்றார். "பாவிங்களா, இதுக்கு அனுபவிப்பீங்க" என்று ஒரே ஒரு வார்த்தை சொன்னார்.

கண்ணாடியில் ஓட்டை போடுவது லேசுப்பட்ட காரியமில்லை. அழுத்தினால் விரிசல், அவசரப்பட்டால் தொட்டியே சில்லு சில்லு. எஃப்ராயின் சொம்பால் தண்ணீர் ஊற்ற, வில்ஃப்ரெடோ மூச்சைப் பிடித்துக்கொண்டு துளைக் கருவியைச் சுற்றினான். ஒரு வட்டச் சில்லு 'டொக்' என்று கழன்று விழுந்தது. இருவரும் கட்டிப் பிடித்துக்கொண்டார்கள்.

அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போயிற்று. பின்னாலேயே குழாயும் நின்றது. குளியலறைக்குள்ளிருந்து மிக்தாலியாவின் குரல் வந்தது.

"யாருடா குளியல்தொட்டியைக் காலி பண்ணது? தலையெல்லாம் ஷாம்பூ!"

பால்கனியில் டோன் செராஃபின் ரேடியோவின் ஒலியைக் கூட்டி வைத்தார்.

சம்ப் ஓடத் தொடங்கியதும் அடுத்த வில்லங்கம். ஓட்டை வழியாகத் தண்ணீர் இறங்கும்போது 'களக் களக்' என்று ஓயாத சத்தம்.

"ஹால்ல உக்காந்து துவரைச் சோறு சாப்பிட முடியலை" என்றாள் மிக்தாலியா. "யாரோ கக்கூஸ்ல தண்ணி ஊத்திக்கிட்டே இருக்கிற மாதிரி இருக்கு."

எஃப்ராயின் பைப்பில் ஒரு வால்வைப் போட்டுப் பாதி மூடினான். சத்தம் அடங்கியது. மறுநாள் ஒரு நத்தை, மூடாத பாதியைத் தன் வீடாக்கிக்கொண்டது. கீழே இறங்க வழியில்லாமல் மேல்தொட்டி வழிந்தது. நல்லவேளையாக எஃப்ராயின் வீட்டில் இருந்தான். போட்டிருந்த சட்டையைக் கழற்றித் தரையில் போட்டான், அப்புறம் பேன்ட்டையும் போட்டான். கீழ்வீட்டுக்கு ஒரு சொட்டும் போகவில்லை. ஜன்னல் வழியாக அந்தக் கோலத்தைப் பார்த்த எதிர்வீட்டுக்காரர்கள்தான் அப்புறம் அவன் கடையில் மருந்து வாங்கக் கூச்சப்பட்டார்கள்.

ஓட்டைக்கு வலை கட்டினான். பிறகு மனைவியைக் கூப்பிட்டு நிற்கவைத்து, பம்ப்பின் பிளக்கைப் பிடுங்கினான்.

"பாரு. கரண்ட் போயாச்சுன்னு வச்சுக்கோ."

மேலேயிருந்து தண்ணீர் இறங்கியது. சம்ப்பில் ஏறிக்கொண்டே வந்து, விளிம்புக்கு ஒரு கை கீழே நின்றது. தரை காய்ந்து கிடந்தது.

மிக்தாலியாவுக்குக்கூட முகம் மலர்ந்துவிட்டது. "பரவாயில்லையே, மூளை இருக்கு உனக்கு."

கல்யாணமான நாளிலிருந்து அவள் வாயால் இதைக் கேட்டதில்லை. எஃப்ராயின் அன்று மீனுக்கெல்லாம் ஒரு சிட்டிகை தீனி கூடவே போட்டான்.

இரண்டு நாள் கழித்து ரேடியோவில் சொன்னார்கள், பிற்பகலில் கரண்ட் போகுமென்று. எஃப்ராயின் கவலையில்லாமல் கடைக்குக் கிளம்பினான். போகிற வழியில் டோன்யா எர்மீனியாவின் கதவைத் தட்டி, "அக்கா, இனிமே நிம்மதியாத் தைங்க. நான் பொறுப்பு" என்று சொல்லிவிட்டே போனான். நாக்கில் சனி.

சாயங்காலம் வந்தபோது படியில் கூச்சல் இல்லை. டோன்யா எர்மீனியா மாடிவாசலில் நின்றிருந்தார். கைகளில் ஒரு வெள்ளை கவுன், சொட்டச் சொட்ட. அதைப் போடவேண்டிய பெண்ணுக்கு மறுநாள் கல்யாணம்.

உள்ளே சம்ப் விளிம்புவரை தளும்பியது. அலமாரிக் கதவிடுக்கிலிருந்து ஹால் முழுக்க உப்புத் தண்ணீர்.

"இருக்கவே முடியாது!" எஃப்ராயின் தலையைப் பிடித்துக்கொண்டான். "மேலேர்ந்து எவ்வளவு வரும்னு நான் அளந்து பாத்தேன். நீயும் பாத்தியே மிக்தாலியா!"

"பாத்தேன். இப்பவும் பாக்கிறேன்" என்று சொல்லிவிட்டு, அவள் தம்பிக்கு போன் போட்டாள்.

மறுநாள் வில்ஃப்ரெடோ பிக்கப் வண்டியோடு வந்தான். பின்தட்டில் பழைய மெத்தை விரித்துத் தயாராக வந்திருந்தான். அதைப் பார்த்ததும் எஃப்ராயினுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"உண்மையைச் சொல்லு மச்சான். சம்ப்ல ஏதோ குசும்பு பண்ணிட்டுத்தானே போனே? ஆரம்பத்துலேர்ந்தே உனக்கு இது மேல ஒரு கண்ணு."

"கண்ணு இருந்தது வாஸ்தவம். கை வைக்கலை. எங்கம்மா மேல சத்தியம்."

"சத்தியத்தைக் கொண்டுபோய்க் கடல்ல போடு."

தொட்டியும் சம்ப்பும் மெத்தை மேல் ஏறின. மீன்கள் பிளாஸ்டிக் பைகளில் போயின. பச்சைப் பவளத்தின் பையை மட்டும் எஃப்ராயின் கடைசிவரை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றான். மிக்தாலியா மெதுவாக அதை வாங்கித் தம்பியிடம் கொடுத்தாள். அவளுக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது. வண்டி தெருமுனை திரும்பியது. எஃப்ராயின் பால்கனிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதேவிட்டான்.

டோன் செராஃபின் ரேடியோவை அணைத்தார். மருமகன் அழுது அவர் பார்த்ததில்லை. பக்கத்தில் வந்து தோளில் கை வைத்தார்.

"விடுங்க மாப்பிள்ளை, எல்லாம் நல்லதுக்குத்தான். ரேடியோல சொல்றப்பல்லாம் மேல்தொட்டியை நிரப்புறது ஒண்ணும் பெரிய வேலையில்லை. நீங்க கீழ வேற ஒண்ணைப் பாதி காலியாப் போட்டு வச்சிருந்தீங்களே, நேத்து அதையும் விளிம்பு வரைக்கும் நிரப்பி முடிக்கிறதுக்குள்ள என் இடுப்பே போயிடுச்சு."