பாலியஸ்டர் ஒழிக!

"கோகிலா! இன்னையிலிருந்து என்ற ஒடம்புல பிளாஸ்டிக் படக் கூடாது!"

அடுப்படி வாசலில் நின்று இப்படி முழங்கினேன். இடுப்பில் துண்டு மட்டும். ஒரு கை உயரத் தூக்கியிருந்தது, இன்னொரு கை இடுப்பைச் சொறிந்துகொண்டிருந்தது. சபதம் எடுக்கிறவன் சொறியக் கூடாதுதான். அரிப்புக்கு அந்த மரியாதையெல்லாம் தெரியுமா?

நடந்தது இதுதான். காளப்பநாயக்கன்பட்டி டாக்டர் என் ரத்தத்தைச் சோதித்துவிட்டு, "சர்க்கரை வாசப்படியில நிக்குது. உள்ள விட்டுறாதீங்க. தெனமும் வேர்க்க வேர்க்க நடங்க" என்றார். என்னிடம் தனியாகச் சொல்லியிருந்தால் அந்தப் பேச்சு அங்கேயே முடிந்திருக்கும். மனுசன் என் மனைவியைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு சொன்னார். மலைக்கு பஸ் ஏறுவதற்கு முன்பே கோகிலா எனக்கு ஒரு டிராக் பேண்டும் டீ-சர்ட்டும் வாங்கிவிட்டாள். கிளிப்பச்சை. தொட்டால் வழுக்கும். போட்டால் பிடித்துக்கொள்ளும். கழற்ற ஆள் வேண்டும்.

மலைமேல் எங்கள் வாழவந்தி நாட்டில் தை மாதம் விடிகிற நேரத்துக்குக் கோழியே கூவலாமா வேண்டாமா என்று யோசிக்கும். அந்தக் குளிரில் போர்வையை உருவி, பச்சையை மாட்டிவிட்டு, என்னை வெளியே தள்ளிக் கதவைச் சாத்துவாள் மகராசி.

நடந்தேன். பொய் சொல்லவில்லை. முதல் வளைவு வரைக்கும் நடந்தேன். அங்கே கந்தப்பன் டீக்கடை. அவன் போண்டா போடும் நேரமும் நான் நடக்கும் நேரமும் ஒன்றாக அமைந்தது என் குற்றமா? ஆனால் வீட்டுக்குப் போகும்போது வேர்வை வேண்டுமே! கடைக்குப் பின்னால் ஓடை. போனவுடனேயே ரெண்டு செம்பு தண்ணீரை முதுகிலும் இடுப்பிலும் ஊற்றிக்கொள்வேன். அப்போதுதான் பெஞ்சில் உட்கார்ந்து போண்டா தின்று முடிப்பதற்குள் ஈரம் வேர்வை மாதிரிப் பதமாக இருக்கும். தை மாசத்து ஓடைத் தண்ணீர்! அதற்கு நடந்தே தொலைத்திருக்கலாம்.

கொஞ்ச நாளில் இடுப்பைச் சுற்றி, தொடை இடுக்கெல்லாம் செக்கச்செவேல் என்று தடித்துவிட்டது. பயந்துவிட்டேன். நிஜமாகவே பயந்துவிட்டேன். கந்தப்பன் வேறு ஆறுதல் சொன்னான்: "சர்க்கரை ஒடம்புல புண்ணு வந்தா ஆறாதுங்க மாமா. கீழ ஒருத்தருக்குக் காலையே எடுத்துட்டாங்க." கால் போனால் நடக்க வேண்டாமே என்று ஒரு நிமிஷம் தோன்றியது. போண்டாவுக்கும் போக முடியாதே என்று அடுத்த நிமிஷம் தோன்றியது. ராத்திரி தூக்கம் போச்சு.

அப்புறம் போனைத் தேய்த்ததில் விவரம் கிடைத்தது. உடற்பயிற்சித் துணி முக்கால்வாசி பிளாஸ்டிக் நூலாம். காற்றுப் போகாதாம், சிலருக்கு அரிக்குமாம், அதில் ஏற்றுகிற சாயமும் மருந்தும் வேர்வையோடு தோலில் இறங்குமோ என்று படித்தவர்களே கவலைப்படுகிறார்களாம். போன உயிர் திரும்பி வந்தது. கோளாறு எனக்கில்லை, துணிக்கு! அந்தச் சந்தோஷத்திலேயே இன்னொரு யோசனையும் வந்தது. அதுதான் இந்தச் சபதம்.

"பிளாஸ்டிக்குங்களா?" கோகிலா கரண்டியோடு திரும்பினாள். "துணி தானுங்களே அது?"

"துணி வேசம் போட்ட பிளாஸ்டிக்கு! செக்போஸ்ட்ல பிளாஸ்டிக் கவரைப் புடுங்கறாங்களே, எதுக்கு? மலைக்கு ஆகாதுன்னு தானே? மலைக்கே ஆகாதது உன்ற புருசனுக்கு ஆகுமா?"

"ஐயோ சாமி!"

"எவ்வளவு வேர்க்குதோ அவ்வளவு ஆபத்து. எனக்கு எப்படி வேர்க்கும்னு உனக்கே தெரியும்."

"தெரியுமுங்க," என்றாள். "அப்ப என்னங்க பண்றது?"

"நடக்கறத நிறுத்த வேண்டியது தான். எனக்கும் மனசு கேக்கல. என்ன பண்ண?"

"பருத்தித் துணின்னா ஆகுமுங்களா?"

"பருத்தி தங்கமாச்சே! காத்தோடும். வேர்வையக் குடிச்சுக்கும். ஆனா இந்த மலையில பருத்தி டிராக் பேண்ட்டுக்கு எங்க போறது? வேட்டியக் கட்டிட்டு வேகமா நடந்தா தடுக்கி உழுந்துருவேன்."

"வேண்டாமுங்க, வேண்டாமுங்க. நீங்க நடக்கவே வேண்டாம்."

ஆகா! பெண் என்றால் இவளல்லவா பெண்! அன்று முழுக்க நான் தரையில் நடக்கவில்லை, மிதந்தேன்.

மறுநாள் விடியலில் போர்வை உருவப்பட்டது. எதிரே ஒரு பழைய பருத்தி வேட்டி, கைவைத்த பனியன், தலைக்குத் துண்டு.

"நடக்க வேண்டாம்னு சொன்னியே?"

"நடக்க வேண்டாமுங்க. ஏறுங்க."

"எதுல?"

"மொளகு பறிக்க வேண்டாமுங்களா? தார்ப்பாச்சிக் கட்டுங்க, தடுக்காது."

எங்கள் காட்டில் மிளகுக்கொடி சில்வர் ஓக் மரத்தில் உச்சி வரைக்கும் ஓடும். அதில் ஒற்றை மூங்கிலைச் சாய்த்து, கணுவில் கால் பெருவிரலை ஊன்றி ஏற வேண்டும். இந்த வருஷம் 'சர்க்கரைக்காரன் மரம் ஏறலாமா?' என்று சொல்லித் தப்பித்திருந்தேன். பறிப்புக்கு ஆள் கிடைக்காமல் கோகிலா ஆலத்தூர் நாடு வரைக்கும் சொல்லி வைத்திருந்தாள். ஒருத்தரும் வரவில்லை. இதோ, ஆள் வந்துவிட்டது.

பறிக்கிற மிளகைப் போட்டுக்கொள்ளப் பை கேட்டேன். என் பச்சை டிராக் பேண்டைக் கொண்டு வந்தாள். ரெண்டு கால் நுனியிலும் முடிச்சு. கயிறு கோத்துக் கழுத்தில் மாட்டிவிட்டாள்.

"இதுக்கு நல்லா ஒழைக்கிற துணிங்க. நனைஞ்சாலும் பட்டுன்னு காஞ்சுரும்."

ஏறினேன். இறங்கினேன். மரம் மரமாக ஏறினேன். வேர்த்தது பாருங்கள், என்னைப் பெத்தவள்கூட அப்படி ஒரு வேர்வையை என் மேல் பார்த்திருக்க மாட்டாள். கந்தப்பன் போண்டா வாசனை காற்றில் வரும். மூங்கிலை விட்டால் விழுந்துவிடுவேன் என்று பிடித்துக்கொண்டு நிற்பேன்.

ஆனால் ஒன்று. தடிப்பு அமுங்கியது, சிவப்பு போனது. மாசியில் டாக்டரிடம் போனால், சர்க்கரை நன்றாக இறங்கியிருக்கிறது என்று கையைக் குலுக்கினார். எனக்குக் கண்ணே கலங்கிவிட்டது. கால் ரெண்டும் என்னுடையதுதான்!

திரும்பும் பஸ்ஸில் கொண்டை ஊசி வளைவு ஏற ஏற எனக்கும் தெம்பு ஏறியது.

"பாத்தியா கோகிலா? நாஞ் சொல்லல? எல்லாம் அந்தப் பாலியஸ்டர் பண்ணுன வேலை!"

"அது மேல மட்டும் பழியப் போடாதீங்க. ஈரத்தோட அத ஒட்டவெச்சுட்டுப் பெஞ்சுல உக்காந்திருந்தா ஆருக்குத் தானுங்க அரிக்காது?"

"எந்தப் பெஞ்சு?"

"கந்தப்பன் கடைப் பெஞ்சு தானுங்க."

"அந்தப் பய போட்டுக் குடுத்துட்டானா?"

"அவரு எதுக்குங்க சொல்றாரு? தொவைக்கறது நானுங்களே. நம்ம பையன் யுவராஜ் வெளையாடிட்டு வர்ற பனியன் அந்தத் துணி தான். ரெண்டு தடவை அலசுனாலும் நாத்தம் போவாது, காஞ்சா உப்புப் பூக்கும். உங்குளுதுல உப்புமில்ல, நாத்தமுமில்ல. ஓடைப் பாசியும் போண்டா எண்ணெயுந் தான் இருந்துச்சு."

"எப்பத் தெரிஞ்சுது உனக்கு?"

"மொத நாளேங்க."

"மொத நாளேவா? அப்புறம் ஏம் புள்ள ஒரு வார்த்தை கேக்கல?"

கோகிலா முந்தானையைச் சரி பண்ணிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினாள்.

"மொளகு பழுக்கட்டும்னு தானுங்க இருந்தேன்."