ஆயக்காரனுக்கு ஒன்பது பேர்

ஆயக்காரன் வேஷத்துக்கு ஒன்பது பேர் வந்து நின்றார்கள். மாயக்காரன் வேஷத்துக்கு ஒருவர்கூட வரவில்லை.

தப்பு பாஸ்டர் மணிவண்ணன் மேல். இரண்டு பேர் ஆலயத்துக்கு ஜெபம் பண்ணப் போன கதைதான் சபை விழா நாடகம். வரி வசூலிக்கும் ஆயக்காரன் மார்பில் அடித்து அழுவான். வேதம் மாயக்காரன் என்று திட்டும் வெளிவேஷப் பக்திமான் பரிசேயன், தன் பெருமையையே ஜெபமாகச் சொல்லுவான். இந்த நேரம் பார்த்து, "மாயக்காரன்னு வேதத்துல வருதே, அது கிரேக்கத்துல ஹுப்போக்ரிட்டேஸ். மேடையில வேஷம் கட்டுறவன்னு அர்த்தம்" என்று பாஸ்டர் பிரசங்கத்தில் விளக்கிவிட்டார்.

"வேஷக்காரன் வேஷத்தை நானே போட்டுக்கினா பிள்ளையார்பாளையமே சிரிக்கும்மா" என்று கழன்றுகொண்டார் கமிட்டிச் செயலாளர் டேனியல்.

நாடகப் பொறுப்பு சுகாசினியுடையது. சபைப் பள்ளிக்கூடத்தில் அவள் நான்கு வருஷமாகத் தற்காலிக டீச்சர். நிரந்தரம் ஆக்கும் கடிதத்தில் கையெழுத்துப் போட வேண்டியது இதே கமிட்டி. நாடகம் கவிழ்ந்தால் கடிதமும் கவிழும்.

வேறு வழி தெரியாமல் அவள் கண்ணாயிரம் வாத்தியாரைப் போய்ப் பார்த்தாள். முப்பது வருஷமாகப் பாரதக் கூத்தில் துரியோதனன் கட்டுகிறவர். அவரை அவளுக்கு எப்படித் தெரியும் என்று நாம் கேட்க வேண்டாம். ஏனென்றால் சபையார் யாரும் கூத்துப் பார்க்கக் கூடாது என்று மே மாதம்தான் கமிட்டி தீர்மானம் போட்டிருந்தது.

"எங்க சித்தப்பா. வாலாஜாபாத் சபை" என்று பரிசேயன் வேஷத்துக்கு அவரை ஒத்திகையில் அறிமுகம் செய்தாள்.

டேனியல் வாயைத் திறந்து, மூடினார். "புது முகம். நான் பார்த்ததே இல்ல" என்றார். அவரை யாரும் கேட்கவில்லை.

"நானும் பார்த்ததில்ல" என்று பொருளாளர் தேவகியம்மாள் அவசரமாகச் சொன்னாள்.

ஆரம்ப ஜெபத்தை விருந்தாளியே செய்யட்டும் என்றார் பாஸ்டர். வாத்தியார் அசரவில்லை. மைக் இல்லாமல் மூன்று தெருவுக்குக் கேட்கப் பாடிய குரலில், "அண்டசராசரங்களை ஆளும் ஆண்டவரே" என்று எடுத்தார். தேவகியம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

"வெள்ளிக்கிழமை ஜெபக்கூட்டம் இனிமே இவருதான்" என்றார் டேனியல்.

"ஐயோ, அவருக்குத் தொண்டை கட்டிக்கினு இருக்குது சார்" என்றாள் சுகாசினி.

அதுதான் வினையாகிப் போனது. கமிட்டி மொத்தமும் சுற்றி நின்று அவர் தொண்டைக்காக ஜெபித்தது.

"இப்ப எப்படி இருக்குது பிரதர்?"

சபையில் கேள்வி கேட்டால் துரியோதனன் சும்மா இருப்பானா? தொடையைத் தட்டி, "குறையொன்றும் இல்லை" என்று முழங்கினார். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது.

மறுநாளே அது அற்புத சுகம் ஆகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை அவர் சாட்சி சொல்ல வேண்டும் என்றார்கள். இதற்கு மேல் தாங்காது என்று சுகாசினி, "விழா முடிஞ்சதும் சித்தப்பா ஊருக்குக் கிளம்புறாரு" என்றாள்.

"விடவே கூடாது. கமிட்டியில போட்டுடலாம்" என்றார் டேனியல். எல்லோரும் கை தூக்கினார்கள்.

விழா அன்று சாயங்காலம், திரைக்குப் பின்னால் வாத்தியார் கண்ணாடி பார்த்து மீசை வரைந்துகொண்டிருந்தார். வெளியே முன் வரிசையில் கமிட்டி கம்பீரமாக உட்கார்ந்திருந்தது. சுகாசினியின் கண்கள் அழுது வீங்கியிருந்தன. இத்தனை நல்ல ஜனங்களை ஏமாற்றுகிறோமே என்று அவளுக்கு நெஞ்சு அறுத்தது.

"வாத்தியாரே, நான் பாஸ்டர்கிட்ட உண்மையைச் சொல்லிடப் போறேன். வேல போனா போவுது. இந்தச் சபையிலயே பெரிய மாயக்காரி நான்தான்."

வாத்தியார் மீசையின் மறுபாதியை நிதானமாக இழுத்து முடித்தார். பிறகு திரையை விரலால் விலக்கி, முன் வரிசையை ஒரு முறை பார்த்தார்.

"அவசரப்படாதம்மா. மே மாசம் படுகளக் கூத்தன்னிக்கி நீ முக்காடு போட்டுக்கினு கடைசியில உக்காந்திருந்தியே, அன்னிக்கும் எனக்கு முன் வரிசை இதேதான்."