துண்டுக்குள் போன அரசாங்கக் கை

அரசாங்கத்தின் கையையே துண்டுக்குள் இழுத்துப் பேரம் பேசிய மனிதர் திண்டுக்கல் வட்டாரத்தில் ஒருவர்தான். அவர் எங்கள் துண்டுக்காரர். நான் நேரில் பார்க்கவில்லை. அந்தக் கைக்குச் சொந்தக்காரரான அதிகாரியே என்னிடம் சொன்னார். சொல்லும்போதும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டிருந்தார்.

துண்டுக்காரர் அய்யலூர் ஆட்டுச் சந்தையில் தரகராக இருந்தவர். அங்கே விலையை வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். இரண்டு பேர் கையும் துண்டுக்கு அடியில் போகும். எத்தனை விரலைப் பிடிக்கிறார்களோ அதுதான் கணக்கு. உலகமே அப்படித்தான் நடக்கிறது என்று அவர் நம்பினார். எத்தனை வடை வேண்டும் என்று டீக்கடையில் கேட்டாலும் துண்டை விரித்துவிடுவார்.

வடமதுரை ரோட்டில் இருக்கும் எங்கள் தொழிற்பேட்டையில், ஆட்டுக்குக் குச்சித் தீவனம் தயாரிக்க மனையும் மானியக் கடனும் கேட்டு மனுப் போட்டிருந்தார். "எத்தனை பேருக்கு வேலை குடுப்பீங்க?" என்று நேர்காணலில் அதிகாரி கேட்டிருக்கிறார். இவர் எழுந்து போய், மேசைமேல் இருந்த அவர் கைமேல் துண்டைப் போட்டு மூன்று விரலைப் பிடித்துவிட்டார்.

"யோவ், கைய விடுய்யா! கேமரா இருக்கு. பாக்குறவன் என்ன நெனைப்பான்?"

"சபையில எண்ணிக்கையச் சத்தமாச் சொன்னா நல்லாவா இருக்கும் சார்?"

துண்டை உதறச் சொல்லி, உள்ளே ஒன்றுமில்லை என்று அறையில் இருந்த அத்தனை பேரும் பார்த்த பிறகுதான் பேச்சு தொடர்ந்ததாம். எப்படியோ மனை கிடைத்துவிட்டது.

நூல் மில்லுகளுக்கு அட்டைப்பெட்டி செய்யும் என் ஷெட்டுக்கு அடுத்த ஷெட் அவருடையது. இயந்திரம் வந்து இறங்கியது, ஓடத்தான் இல்லை. பேட்டை மொத்தத்துக்கும் ஒரே டிரான்ஸ்பார்மர், அதுவும் வயதானது. இவர் சுவிட்சைப் போட்டால் எங்கள் மோட்டார்கள் முனகும், பிறகு எல்லாமே படுத்துவிடும். குறித்த காலத்துக்குள் உற்பத்தி தொடங்காவிட்டால் மனை ரத்து என்பது விதி. ஆய்வுக்கு வருகிறோம் என்று கடைசி நோட்டீஸும் வந்தது. தன் ஆடுகளை எல்லாம் விற்று இதில் போட்டிருந்தார், ஒரே ஒரு கிடாதான் மிச்சம். மனை போனால் மறுபடியும் சந்தையில் நின்று அடுத்தவர் ஆட்டைத்தான் விற்க வேண்டும்.

ஆய்வுக்கு முதல் நாள் ஒவ்வொரு ஷெட்டாகத் துண்டோடு ஏறி இறங்கினார். என் கையில் மூன்று விரலைப் பிடித்தார். மூன்று மணி நேரம் நான் மோட்டாரை நிறுத்த வேண்டுமாம்.

"அண்ணே, நாளைக்கு லாரி ஏத்தணும். ஒரு மணி நேரம்னா பாக்கலாம்."

"வாயால சொல்லாத அப்பு, விரல்ல சொல்லு."

எனக்குக் கோபம் கோபமாக வந்தது. ஒரு விரலைப் பிடித்தேன். அவர் மறுபடி மூன்றைப் பிடித்தார். செத்த நேரம் இழுபறிக்குப் பிறகு இரண்டில் படிந்தது.

ஆய்வுக்கு வந்தவர் பெண் அதிகாரி. அவர் கையைத் துண்டுக்குள் இழுக்க முடியுமா? துண்டு தோளிலேயே கிடந்தது, எங்கள் ஆளுக்குப் பேச்சே வரவில்லை. கேட்டதற்கெல்லாம் தலையை மட்டும் ஆட்டினார். நல்லவேளை, இயந்திரம் ஓடியது. தீவனம் குச்சி குச்சியாகக் கொட்டியது.

"ஆடு இதத் திங்குமா?" என்று கேட்டார் அதிகாரி.

கிடாவைப் பிடித்து வந்தார்கள். அது முகர்ந்தது, தும்மியது. பிறகு நேராக என் ஷெட்டுக்குள் போய், லாரிக்காக அடுக்கி வைத்திருந்த அட்டைப்பெட்டியைத் தின்ன ஆரம்பித்தது.

அதிகாரி கண்ணாடியைக் கழற்றி வெகுநேரம் துடைத்தார்.

"உற்பத்தி நடக்கணும்னுதான் விதி. ஆடு திங்கணும்னு விதியில இல்ல" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார். மற்ற ஷெட்டெல்லாம் ஏன் ஓடவில்லை என்று கேட்டார், உண்மையைச் சொன்னோம். புது டிரான்ஸ்பார்மருக்கு அவரே எழுதிப் போட்டார், வந்தும் சேர்ந்தது.

துண்டுக்காரர் அப்போதும் சந்தோஷப்படாமல் கிடாவின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏன் அப்பு, இத எந்தப் பசையில ஒட்டுற?"

"மரவள்ளி மாவுண்ணே."

அதற்குப் பிறகு அவர் தீவனத்தில் மரவள்ளி மாவும் சேர்ந்தது. அதே கிடா தட்டையும் சேர்த்து நக்கியது. அய்யலூர் சந்தைக்காரர்களே வண்டி கட்டி வந்து மூட்டை மூட்டையாக வாங்கிப் போனார்கள்.

போன மாதம் பெரிய இடம் கிடைத்து வேறு பேட்டைக்குப் போய்விட்டார். சாமான் ஏற்றிய வண்டி வாசலில் நிற்க, என்னிடம் வந்து கைமேல் துண்டைப் போட்டார். ஐந்து விரலையும் சேர்த்துப் பிடித்தார்.

"என்னண்ணே அஞ்சு? எதுக்கு?"

"கணக்கெல்லாம் இல்லப்பு. சும்மா பிடிச்சிருக்கேன்."

நானும் கையை எடுக்கவில்லை. பேரம் இன்னும் படியவில்லை என்று நினைத்துக்கொண்டு, வண்டிக்காரர் ஹாரனை அடித்துக்கொண்டே இருந்தார்.