தேருக்கு எதுக்கு நாற்பதடி ரோடு?

அம்மனே நேரில் வந்து வரம் தருகிறேன் என்றாலும் "எதுக்கு?" என்று கேட்கக்கூடிய ஒரே மனிதர், பாகூர் பக்கம் எங்கள் ஊர் டிராக்டர்காரர்தான். ஊரே அவரை 'எதுக்கண்ணன்' என்றுதான் கூப்பிடும்.

கல்யாணப் பத்திரிகை வைத்தால் முதலில் பின்பக்கம் திருப்பிப் பார்ப்பார். ஒருமுறை என் மனைவி பொங்கல் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

"எதுக்குமா?"

"மார்கழிண்ணா."

"போன மார்கழிக்கு வரலையே?"

அன்று முதல் மார்கழி முப்பது நாளும் அவர் வீட்டுக்குப் பொங்கல் போகிறது.

போன வருடம் திருவிழாவுக்கு முன்னால், நெற்றி நிறைய விபூதியோடு டவுன்காரர் ஒருவர் காரில் வந்து எங்கள் செல்லியம்மன் முன் விழுந்து கும்பிட்டார். தேர் சுற்றிவர ஏரிக்கரை மேய்ச்சல் தரை வழியாக நாற்பதடி ரோடு போட்டுத் தருவாராம். அம்மன் கனவில் கேட்டாளாம். அந்தத் தரையில் யாரும் வீடு கட்டக் கூடாது என்பது சட்டம். மழைக்காலத்தில் ஏரி நிரம்பி வழிந்தால் தண்ணீர் போய் நிற்க அது ஒன்றுதான் இடம். வீடில்லை, ரோடுதானே என்று நினைத்து, அம்மன் கனவுக்குக் கண்கலங்கி, அவர் நீட்டிய சம்மதப் பேப்பரில் முதல் கையெழுத்து நான்தான் போட்டேன்.

எதுக்கண்ணன் வந்தார்.

"இன்னாபா கையெழுத்து?"

"தேருக்கு ரோடுண்ணா. நாப்பதடி."

"எதுக்கு? தேர் எத்தினி அடி?"

ஒருவருக்கும் தெரியவில்லை. விபூதிக்காரரின் காரில் கிடந்த டேப்பையே வாங்கி அளந்தார். ஒன்பதே கால் அடி.

"மீதி முப்பதடியில யாருபா வரப்போறா? அம்மனோட மாமியாரா?"

"பெரியவரே, சாமி விஷயத்துல சந்தேகப்படலாமா?"

"சாமி மேல இன்னா சந்தேகம்? உம்மேலதான்யா!"

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "நாத்திகம் பேசாதண்ணா!" என்றேன்.

"நீ ஆத்திகம் பேசு. பேப்பரைத் திருப்பிப் படிச்சியா?"

திருப்பினேன். 'மேய்ச்சல் தரையை மனைகளாக்க ஊருக்கு ஆட்சேபணை இல்லை' என்று எறும்பு எழுத்தில் அச்சடித்திருந்தது. என் கையெழுத்தை நானே பேப்பர் கிழிய அடித்தேன். விபூதிக்காரர் பிரசாதத் தேங்காய்மூடியைக்கூட வாங்காமல் கிளம்பிவிட்டார்.

மேய்ச்சல் தரையைக் காப்பாற்றச் சொல்லி ஊர் கூடி கொம்யூன் பஞ்சாயத்து ஆபீசில் மனு கொடுத்தோம். அதையும், "நாலு காப்பி எதுக்கு?" என்று கேட்டுவிட்டுத்தான் கொடுக்க விட்டார். அதிகாரிகள் வந்து பார்த்தார்கள். ரோடு பேச்சு நின்றது. விபூதிக்காரர் ரகசியமாக நட்டிருந்த மனைக்கற்களில் இப்போது ஆடுகள் முதுகு சொறிந்துகொள்கின்றன.

போன வாரம் எதுக்கண்ணனுக்குப் பெரிய ஆஸ்பத்திரியில் ஆபரேஷன். சம்மதப் பேப்பரையும் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டாராம். நான் வில்லியனூர் கோயில் அம்மன் சன்னதியில் அர்ச்சனைத் தட்டோடு நின்றேன். குருக்கள் பெயர் கேட்டார். இத்தனை வருடம் பழகியும் நிஜப் பெயர் தெரியவில்லை.

"எதுக்கு..." என்று இழுத்தேன்.

"எதுக்கா? அர்ச்சனைக்குத்தான்!"

சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. சாமி பெயருக்கே செய்யச் சொல்லிவிட்டுக் கண்ணை மூடினேன்.

'அவரைக் காப்பாத்து தாயே. எதுக்குன்னு கேட்டார்னா, நான் கேட்டேன்னு சொல்லு.'